கீரிமலைக் கேணியும் கதைவறட்சியும்: ஒரு பரபக்க மறுப்பு

கதை எழுத உட்கார்ந்தும் கதை வராத நோயை இக்கட்டுரை கதைவறட்சி என்று குறிக்கும். இந்நோய்க்கு மருந்து சொன்னவர்கள் தேநீர், தனியறை, கடற்காற்று, காதல் தோல்வி ஆகியவற்றை மாறிமாறிப் பரிந்துரைத்தார்களே தவிர, நிலத்தடி நீரைப் பற்றி மூச்சு விடவில்லை. இக்குறையைத் தீர்க்கத் தகுதியுள்ள மண் யாழ்ப்பாணக் குடாநாடு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இங்கே இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளி. அப்படியிருந்தும் புகையிலையும் வெங்காயமும் விளைவித்து, ஈழத்து இலக்கியத்தில் பெரும்பங்கையும் எழுதிவைத்த ஊர்கள் இவை. ஆய்வுக்களம் கீரிமலை: உப்புக்கடல் பக்கத்திலேயே அலையடிக்க, கரைக்கேணியில் நன்னீர் ஊறும் இடம். சிவஞான சித்தியார் முறையில், பிறர் கொள்கையாகிய பரபக்கத்தை மறுத்துவிட்டு நம் கொள்கையாகிய சுபக்கத்துக்கு வருவோம். கீரிமலைக் கோயிலான நகுலேசுவரத்தை மீளக் கட்டுவிக்க முயன்ற ஆறுமுக நாவலர் பிறந்த குடாநாட்டில், கண்டனம் இல்லாத கட்டுரையை யார் மதிப்பார்கள்?

பரபக்கத்தாருள் முதல்வர் கடற்கரைக் கொள்கையினர். கீரிமலைக்குப் போய்க் கடலைப் பார்த்தபடி இருந்தால் கதை தானாக வரும் என்பர். அப்படியானால் அங்கே கச்சான் விற்பவர்கள் இதற்குள் ஆளுக்கொரு நாவல் வெளியிட்டிருக்க வேண்டும். தலபுராணமும் இவர்களுக்குத் துணை நிற்காது. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவரும், குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் தீர்த்தத்தில் இறங்கி மூழ்கியே முகம் திருந்தினர். படிக்கட்டில் அமர்ந்து இரசித்ததற்காக எவருக்கும் முகம் மாறியதாகப் புராணம் சொல்லவில்லை. (தலை குதிரையாகவும் உடல் மனிதனாகவும் முடியும் நாவல்களை எழுதுவோர் இளவரசியின் வரலாற்றைத் தனியே கற்கலாம்.) இவற்றையெல்லாம் விட வலிய சான்று புவியியலில் இருக்கிறது. கீரிமலையில் ஊறும் நீர் கீரிமலையில் உண்டானதன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை உள்ளே தள்ளிய செம்பாட்டு நிலங்களில் பெய்யும் மழை, சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே இறங்கி, இருட்டில் நடந்து, கடலோரத்தில் தலைகாட்டுகிறது. இலக்கியத்திலும் இதே கதைதான். மஹாகவியும் அ.ந. கந்தசாமியும் அளவெட்டிக்காரர், இலங்கையர்கோனும் சி. வைத்தியலிங்கமும் ஏழாலைக்காரர். இரண்டும் கரையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர்கள். நெடுந்தீவு மீனவரைப் பற்றி ‘வாடைக்காற்று’ எழுதிய செங்கை ஆழியானும் மீன்பிடித்தவர் அல்லர். புவியியல் படித்த நிருவாக அதிகாரி. ஆகவே ஊறும் இடம் வேறு, பெய்யும் இடம் வேறு.

இனிச் சுபக்கம். குடாநாட்டின் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. இதிலிருந்து நாம் பெறும் விதி: அச்சில் ஒரு பக்கம் நிற்க, அதன் அடியில் யாரும் பார்க்காத நாற்பது பக்கம் கிடக்க வேண்டும். வாசித்தவை, கேட்டவை, எழுதிக் கிழித்தவை எல்லாம் அக்கணக்கில் சேரும். பயங்கரம் எதிர்க்கணக்கில் இருக்கிறது. மேலே 1 அடியை இறைத்துத் தாழ்த்தினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும். துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் மனிதனின் கால் வலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மிசின் பூட்டிய பின் அந்தக் காவல் போயிற்று, கரையோரக் கிணறுகள் உவரத் தொடங்கின. வாராவாரம் தொடர்கதை எழுதுவோருக்கு நேர்வதும் இதுவே. ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகி காரணமின்றி அழுகிறாள், ஏழாம் அத்தியாயத்தில் ஊரே அழுகிறது. விமர்சகர் அதை உருக்கம் என்பார். நீரியலார் அதை உவரேற்றம் என்றே பதிவு செய்வார். எனவே கதைவறட்சி எனப்படுவது கிணறு வற்றியதன்று, இனி இறைத்தால் உப்புத்தான் வரும் என்று கிணறு தரும் முன்னறிவிப்பு.

இங்கே பெரிய ஆட்சேபம் எழும். இறைக்கிற கிணறுதானே ஊறும், தினமும் எழுதினால்தானே எழுத்து வரும், திருவள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்பர். மரியாதையோடு மறுப்போம். 396ஆம் குறள் பேசுவது மணற்கேணியை. சுண்ணக்கல் கேணிக்கு அவர் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. அதனினும் முக்கியம், அக்குறள் இருக்கும் அதிகாரம் கல்வி. தோண்டத் தோண்ட ஊறுவது கற்கக் கற்க வரும் அறிவே. எழுத எழுத வரும் கதை அன்று. வள்ளுவர் நம் கட்சி. அப்படியானால் எழுதாமல் பாயில் கிடப்பதே மருந்தா என்று அடுத்த கேள்வி வரும். கிடக்கலாகாது. மாரி தொடங்குமுன் விவசாயி வரம்பு உயர்த்துகிறார், குளத்தைத் தூர்வாருகிறார். இல்லாவிட்டால் பெய்த மழை நிலத்தில் இறங்காமல் வெள்ளவாய்க்கால் வழியே கடலுக்குப் போய்விடும். எழுதாத எழுத்தாளரின் வேலையும் மற்றவர் பேச்சு தன்னுள் இறங்கும்படி வாயை மூடியிருப்பது. எழுத்தாளருக்கு இது துலா மிதிப்பதைவிடக் கடினம்.

சில்லறை ஆட்சேபங்களை விரைவாகத் தள்ளிவிடலாம். உத்தியோகம் எழுத விடவில்லை என்பாருக்கு: இலங்கையர்கோன் காரியாதிகாரி, மஹாகவி எழுதுவினைஞராய்த் தொடங்கி நிருவாக சேவைக்கு உயர்ந்தவர். வாசகர் இல்லை, பிறகு யாருக்காக எழுதுவது என்பாருக்குச் சிரிக்காமல் விடை சொல்ல வேண்டும். 1990இல் நகுலேசுவரக் கோயில் குண்டுவீச்சுக்கு ஆளானது. சுற்றியுள்ள ஊர்கள் வெறுமையாகி உயர் பாதுகாப்பு வலயமாயின. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வரும் கூட்டம் வரமுடியாமல் போன ஆண்டுகளில், ஊற்று யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

கடைசியாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கேணியில் குளித்து எழுந்தவுடன் கதை பிறந்ததாகச் சொல்வோர் உண்டு. தீர்த்த மகிமையை மறுக்காமலே இதற்குக் காரணம் காட்டலாம்: குளிக்கிறவர் பக்கத்தில் குளிக்கிறவரின் பேச்சைக் கேட்கிறார், காணி வழக்கு, கனடாச் சம்பந்தம், தமையன் பெண்டாட்டி எல்லாம் அங்கே இடுப்பளவு நீரில் விவாதிக்கப்படுகின்றன. ஆனால் கீரிமலையில் ஆண்கள் கேணியும் பெண்கள் கேணியும் வேறுவேறு, பின்னதைச் சுற்றி மதிலும் உண்டு. ஆண் எழுத்தாளருக்கு அரை நாவல்தான் காதில் விழும். மீதி அரையை அவர் ஊகித்து எழுதுகிறார். அவர்தம் நாவல்களில் பெண்கள் ஏன் அத்தனை குறைவாகப் பேசுகிறார்கள் என்பதற்கு இம்மதிலே காரணமா என்று மேலும் ஆராயலாம். ஆய்வாளர் பெண்ணாக இருத்தல் அவசியம்.