கையை நீட்டினா போதுமா, தம்பி?

நீங்க அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் ஏன் வலப்பக்கம் மரத்தடிக்கு நடந்துட்டேன்னு கேட்டீங்கல்ல? பை பாரம் தம்பி. உங்க பந்து எப்படியும் அங்கதான் வரப்போகுது, முதல்லயே போய் நின்னுக்கிட்டா ஒரு நடை மிச்சம். கிளப்புல நாலு பேரு இருக்கப்ப உங்களை 'சார்'னுதான் கூப்பிடுவேன். இங்க நாம ரெண்டு பேருதானே, தம்பின்னுட்டேன். கோவிச்சுக்காதீங்க.

இந்தக் கொடைக்கானல் கோல்ஃப் மைதானம் 1895-லேர்ந்து இருக்கு. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போயிட்டான். அவன் பழக்கிவிட்ட ஸ்லைஸ், அதான் பந்து வலப்பக்கம் வளைஞ்சு ஓடறது, அது மட்டும் போகவே இல்லை. நேத்து 150 கஜத்துக்கு எடுத்த கிளப் மட்டையில பந்து 160-ஐத் தாண்டிடுச்சுன்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னீங்களே, காதுல விழுந்துச்சு. ஏழாயிரம் அடி உயரம் தம்பி. காத்து மெலிசு, பந்தைப் பிடிச்சு நிறுத்த ஆளில்லை. அதை உங்க புஜபலம்னு சொல்லிக்கிட்டாலும் நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா ஒரு சங்கடம். மெலிசு காத்துல பந்து வளையறதும் குறைச்சல்தான். இங்கயே இந்த வளைவுன்னா, சென்னையில உங்க பந்து எந்த வீட்டு மாடியில இறங்குதோ!

அந்தக் க்ளவ்வைக் கொஞ்சம் குடுங்க. பாருங்க, உள்ளங்கை அடியில, மணிக்கட்டுக்குக் கிட்ட ஓட்டை. கிளப் ஒவ்வொரு அடிக்கும் அங்க உருளுதுன்னு அர்த்தம். விரல்ல பிடிக்க வேண்டியதை உள்ளங்கையில வெச்சு நசுக்கறீங்க. உருளுதேன்னு இன்னும் இறுக்கறீங்க. இறுக்கினா முன்கை விறைக்குது, விறைச்ச கை வேகத்துல நீளாது. நீங்க இதையெல்லாம் பார்க்காம புது டிரைவர் மட்டை வாங்கிட்டீங்க. நல்ல டிரைவர்தான், பளபளன்னு இருக்கு. தூக்கிட்டு வரும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு.

சரி, முழங்கைக்கு வருவோம். பந்தைத் தாண்டின உடனே உங்க இடது முழங்கை வெளிப்பக்கம் மடங்கிக்குது. கோழி றெக்கைன்னு இதுக்குப் பேரே வெச்சிருக்காங்க. கையை நீட்டு, கையை நீட்டுன்னு ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு, எடுத்ததுலேர்ந்தே கம்பு மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. அடிக்கற இடம் வந்ததும் கை மடங்கிப்போகுது. கிளப் முகமும் பந்தும் தொட்டுக்கிட்டு இருக்கற நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை 2000 கூறு போட்டா அதுல ஒரு கூறு. அதுக்குள்ள நீங்க முழங்கைக்கு உத்தரவு போட்டு, அது கேட்டு நிமிர்றதுக்குள்ள, பந்து அந்த மரத்தடியில விழுந்து உருண்டு நின்னிருக்கும்.

எங்க தோட்டத்துல குருவி விரட்டக் கவண் சுத்துவோம். கவண் கயித்தை யாராச்சும் நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களா? சுத்தற வேகத்துல கல்லோட கனம் இழுக்க, கயிறு தானா விறைச்சுக்கும். சுத்தறவன் பாதியில நின்னா கயிறு தொய்ஞ்சு போகும், கல்லு சுத்தினவன் மண்டையைத் தேடி வரும். இங்க கிளப்புத் தலைதான் கல்லு, உங்க ரெண்டு கையும் கயிறு. சுத்த வேண்டியது உடம்பு. நீங்க என்ன செய்யறீங்க? பந்துகிட்ட வந்ததும் இடுப்பும் நெஞ்சும் சாமி சிலையா நின்னுடுது, கை மட்டும் ஓடுது. ஓடற கைக்குப் போக இடமில்லை. எங்க போகும்? மடங்கத்தான் செய்யும். பந்தைத் தொடறப்ப வலது முழங்கை கொஞ்சம் மடங்கித்தான் இருக்கும். அது தப்பில்லை. ரெண்டு கையும் சேர்ந்து நீள்றது பந்து கிளம்பினதுக்கு அப்புறம்தான், அதுவும் நெஞ்சு திரும்பிக்கிட்டே இருந்தா மட்டும்.

தலையைத் தூக்காதேன்னு மாமனார் சொன்னாராமே. மாமனார் பேச்சைக் கேக்கறது நல்ல பழக்கம்தான், வீட்டுல. இங்க தலையைப் பூட்டு போட்டு வெச்சா தோளும் அதோட பூட்டிக்குது. ஸ்வீடன்காரம்மா அன்னிகா சோரென்ஸ்டாம் பந்தைத் தொடறதுக்குள்ளயே முகத்தைத் திருப்பிடுவாங்க. 2001-ல ஒரு சுற்றை 59 அடியில முடிச்சாங்க. நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே நேத்து ஒன்பது குழிக்கு எவ்வளவு அடிச்சீங்க? வேணாம், விடுங்க. சீட்டுல எழுதினது நான்தானே.

இன்னொரு கதை, கிளப்புப் பெரியவங்க பேசக் கேட்டது. அமெரிக்காவுல கால்வின் பீட்னு ஒருத்தர். சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்து இடது முழங்கை உடைஞ்சு, கடைசி வரைக்கும் அந்தக் கை நேராகவே இல்லை. வயல் வேலை, தெருத்தெருவா சாமான் விக்கறதுன்னு பிழைச்சு, இருபது தாண்டித்தான் கிளப்பையே தொட்டார். அந்தக் கோணக் கையோட 1981-லேர்ந்து 1990 வரைக்கும், பத்து வருசம் தொடர்ச்சியா, டீயிலேர்ந்து ஃபேர்வேயில பந்தைப் போடறதுல பிஜிஏ டூர்ல அவர்தான் முதல். 12 போட்டி ஜெயிச்சார். அவருக்கு முன்னாடி எட் ஃபர்கோல்னு ஒருத்தர், அவருக்கும் இடது கை நீளாது. 1954 யுஎஸ் ஓப்பன் கோப்பையைத் தூக்கினார்.

சிரிக்கறீங்க. "அப்ப நான் மடக்கினா மட்டும் என்னாங்க தப்பு?"ன்னு மனசுக்குள்ள ஓடுது. தப்பே இல்லை. பீட் கை பத்து வருசமும் ஒரே அளவுக்கு மடங்கிச்சு. உங்க கை முதல் குழியில ஒரு அளவு, ரெண்டாவதுல ஒரு அளவு, வேடிக்கை பார்க்க ஆள் நின்னா இன்னொரு அளவு. தினம் ஒரே இடத்துல தப்பா விழட்டும், நான் அதுக்குத் தக்கன குறி பார்த்துச் சொல்லிடுவேன். நீங்க நாலு திசைக்கும் நல்லா அடிக்கறீங்களே, அதுக்கு எங்கிட்ட மருந்தில்லை.

சரி, டிரைவரைப் பையில போடுங்க. பயப்படாதீங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. ஒன்பதாம் நம்பர் அயர்னை எடுங்க. அவ்வளவு கிட்டத்துல நிக்காதீங்க, கை எங்க போய் நீளும்? தோள்லேர்ந்து கை சும்மா தொங்குதுல்ல, அந்த இடத்துல பிடிங்க. விரல்ல. இப்ப அந்த ஓட்டை க்ளவ்வை இடது அக்குள்ல இடுக்குங்க. விஜய் சிங்கே இந்த மாதிரி இடுக்கிக்கிட்டு மணிக்கணக்கா பழகினவரு, உங்களுக்கு ஒண்ணும் கௌரவம் குறையாது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அந்தப் பக்கமும் இடுப்பு உயரத்துல நிறுத்துங்க. க்ளவ் விழக்கூடாது. நிறுத்தினதும் குனிஞ்சு பாருங்க: சட்டை பித்தான் கொடியைப் பார்த்து நிக்குதா, ரெண்டு கையும் தானா நீண்டிருக்கா? க்ளவ் விழுந்துச்சுன்னா உடம்பு நின்னுபோச்சு, கை தனியாக் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். பந்து எங்க போகுதுன்னு பார்க்கவே வேணாம், நாப்பது அம்பது கஜம் போனாப் போதும்.

இது கைக்குப் பழக ஒரு மணி நேரமாவது ஆகும். அவசரம் ஒண்ணுமில்லை, அங்க பாருங்க, கிரீனுக்கு முன்னாடி நாலு காட்டுமாடு படுத்துக்கிச்சு. அதுங்களா எந்திரிக்கற வரைக்கும் நாம நகர முடியாது. நீங்க இடுக்குங்க, நான் பையைத் தலைக்கு வெச்சுச் செத்த கண்ணை மூடறேன். மாடு எந்திரிச்சா எழுப்புங்க. பந்து நேராப் போனாலும் எழுப்புங்க.