கட்டிக்குள் எத்தனை காவலர்கள்?

கேள்வி: மலக்குடல் புற்றுநோய் எந்தத் திசையில் போகும் என்பதை நோயெதிர்ப்புச் செல்களை எண்ணிச் சொல்லிவிட முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது பகைவனின் பலம். உள்ளே டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் எத்தனை புகுந்திருக்கின்றன என்பது ஊர்க்காவலின் பலம். இரண்டையும் பார்த்தால்தான் கணிப்பு நிற்கும். பாரிஸில் ஜெரோம் கலோன் குழு 2006-இல் பெருங்குடல், மலக்குடல் கட்டிகளில் இதைக் காட்டியது. அதிலிருந்து பிறந்ததே ‘இம்யூனோஸ்கோர்’ என்ற அளவீடு. கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் சிடி3, சிடி8 குறியுள்ள டி செல்களைச் சாயமேற்றி, கணினி எண்ணும்.

மலக்குடலில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுப்பது வழக்கம். வெட்டியெடுக்கும்போது கட்டி பழைய கட்டியாக இருப்பதில்லை. ஆகவே முதல் பயாப்சித் துணுக்கிலேயே எண்ண வேண்டும். அதில் விளிம்பு கிடைக்காது. ஆனாலும் அந்தச் சிறு துணுக்கில் டி செல்கள் அடர்ந்திருந்தால் சிகிச்சைக்குக் கட்டி கரையும் வாய்ப்பு அதிகம், நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு.

இன்னொரு குறி, டிஎன்ஏ பிழைதிருத்தக் குறைபாடு. மலக்குடல் கட்டிகளில் சிறு பங்கில்தான் இது உண்டு. பிழைகள் மலிந்த கட்டியை டி செல்கள் எளிதில் அடையாளம் காணும். பிடி-1 என்ற தடையை நீக்கினால் போதும். 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் இந்தக் குறைபாடுள்ள மலக்குடல் நோயாளிகளுக்கு, அந்தத் தடையை நீக்கும் டோஸ்டார்லிமாப் மருந்தை மட்டும் 6 மாதம் கொடுத்தது. சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. கத்தியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. மலக்குடல் அவர்களிடமே இருந்தது.