பட்டறையில வெளையற பட்டம்

ஏனுங் மாப்ளே, மறுபடியும் "ஆட்கள் தேவை" போர்டுங்களா? அந்தப் போர்டு எழுதற பெயிண்டருக்கே வேலை போட்டுக் குடுத்திருக்கலாமுங். வருசா வருசம் தவறாம உங்க பட்டறைக்கு வந்துட்டிருக்கறது அவன் ஒருத்தன்தான்.

கோவிச்சுக்காதீங்க. உங்க ஏற்பாடு நெம்ப நல்ல ஏற்பாடு. எதுத்த பட்டறையில சிஎன்சி மெசின் ஓட்டறவனை 2,000 சேத்திக் குடுத்து நீங்க இழுக்கறீங்க. ஆறு மாசத்துல 3,000 சேத்திக் குடுத்து அவங்க திருப்பி இழுத்துக்கறாங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தே அந்தப் பையன் புல்லட் வாங்கிப்போட்டான். நம்ம கோயமுத்தூர்ல கணபதி ஏரியாவுல பாதிப் பேரு இப்புடித்தான் பம்ப் செஞ்சிட்டிருக்கறீங்க. தண்ணி மேலேறுதோ இல்லையோ, கூலி ஏறுது.

அப்ரண்டிஸ் எடுங்கன்னு சொன்னா, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங் மாமா"ங்கறீங்க. 1961-லயே போட்ட சட்டமுங் அது. இப்ப 30 பேரும் அதுக்கு மேலயும் இருந்தாக் கட்டாயம். நாலு பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் இருந்தா, பிரியப்பட்டா எடுத்துக்கலாம். நீங்க கெட்டிக்காரராச்சே, இருபத்தொம்பதைத் தாண்ட உடவே மாட்டீங்க. முப்பதாவதா எவனாச்சும் வந்தா, சித்தப்பா பேர்ல இருக்கற கம்பெனி ரிஜிஸ்டர்ல அவன் பேரை ஏத்திப்போடறீங்க. கட்டாயத்துல இருந்து தப்பிச்சது சரிங். பிரியப்பட்டு எடுக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சே, அதைய ஆடிட்டர் படிச்சுக் காட்டலீங்களா?

இப்ப அதுக்கு மேல ஒண்ணு வந்திருக்குது. டிகிரி படிக்கற புள்ளைங்க, படிப்புக்குள்ளயே குறைஞ்சது ஒரு செமஸ்டர் தொழில்ல இருந்து கத்துக்கலாம், அதுக்கும் கிரெடிட் உண்டுன்னு 2020-ல யூஜிசி வழி சொல்லிப்போட்டுது. 2019-ல போட்ட விதியில அந்தப் புள்ளைக்கு மாசம் குறைஞ்சது 9,000-ன்னு இருந்துச்சு. அதுல பாதி, 4,500, நாட்ஸ்ங்கற அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்துல மத்திய சர்க்கார் பொறுப்பா இருந்துச்சு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கெடையாது. முடிச்சப்பறம் வேலை குடுத்தே ஆகோணும்னும் இல்லை.

பாருங்க, "பாதி வெலைக்கு ஆளா!"ன்னு இப்பவே உங்க கண்ணு மின்னுது. கொஞ்சம் பொறுங்க. அதே சட்டத்துலதான், அப்ரண்டிஸுக்குப் பீஸ் ரேட்ல கூலி போடப்படாதுன்னும் இருக்குது. அனுமதி வாங்காம ஓவர்டைம் கேக்கப்படாது. டீ வாங்க அனுப்பறதைப் பத்தி அதுல ஒண்ணும் காணோமுங். ஆனா காலேஜ் வாத்தியார் வந்து, "மூணு மாசத்துல என்னப்பா கத்துக்கிட்டே?"ன்னு கேட்டா, "ஃபோர்மேனுக்குச் சக்கரை கம்மி, மொதலாளிக்கு ஸ்ட்ராங்கு"ன்னு சொல்லிப்போடுவான்.

உங்ககிட்ட இருக்கற சொத்து என்னன்னு உங்களுக்கே தெரியலீங் மாப்ளே. பெரிய கம்பெனிக்குப் போன பையன் வருசம் பூரா ஒரே மெசின் முன்னால நின்னு ஒரே பட்டனை அமுக்குவான். உங்க பட்டறையில வார்ப்பு வந்து எறங்கறதையும் பாப்பான், லேத்துல ஓடறதையும் பாப்பான். இம்பெல்லரை பேலன்ஸ் பண்றது, மோட்டாருக்குக் காயில் கட்டறது, பம்பை டெஸ்ட் பெட்ல ஏத்தறது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ நடக்குது. சரக்கு திரும்பி வந்தா பார்ட்டி போன்ல திட்டறதும் காதுல உழுகும். இதைய எந்தப் பாடப் புஸ்தகத்துலயும் அச்சடிக்க முடியாதுங்.

ஆனா நீங்க காட்டோணுமே! உங்க ஃபோர்மேன் சிஎன்சி மெசின்ல ஆஃப்செட் போடறப்பப் பாத்திருக்கீங்களா? திரையை முதுகால மறைச்சு நின்னுக்கறாரு. இருபது வருசமாக் கத்துக்கிட்டதை இன்னொருத்தன் கத்துக்கிட்டா நம்மளைத் தாட்டி உட்டுருவாங்கன்னு பயமுங் அந்த மனுசனுக்கு. பயப்படறதுல தப்பே இல்லை, போன தீவாளிக்கு அவரு போனஸ் கேட்டப்ப நீங்க பேசின பேச்சு அப்புடி. மொதல்ல அவருக்குச் சம்பளத்தை ஏத்துங்க. கத்துக் குடுக்கறதும் உங்க வேலைதான்னு சொல்லி, அதுக்குண்டான நேரத்தை ஒதுக்குங்க. பையன் எடுக்கறது அப்பறம்.

அவரை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. கொட்டேசன் எப்புடிப் போடறதுன்னு உங்க பையனுக்கே நீங்க சொல்லித் தரலியே? டிராயிங்கை பீரோவுல வெச்சுப் பூட்டிச் சாவியை அருணாக்கயித்துல கட்டிக்கறீங்க. அந்த டிராயிங் எதுத்த பட்டறைக்குப் போய் மூணு வருசமாச்சுங்.

"படிக்க வெச்சா ஓடிப்போயிருவானுங் மாமா"ங்கறீங்க. போவானுங், எல்லாருமா இருக்கப் போறாங்க? அதுல ஒருத்தன் பத்து வருசம் கழிச்சு ஒரு பெரிய கம்பெனியில பர்ச்சேஸ் மேனேஜரா உக்காந்தா, ஆர்டருக்கு மொதல்ல யாருக்குப் போன் போடுவான்? டீ வாங்க அனுப்பின மொதலாளிக்குப் போட மாட்டான், அது நெசம்.

இதொண்ணும் நம்மூருக்குப் புதுசு இல்லீங். 1945-ல ஜி.டி.நாயுடு ஐயா காலேஜ் ஆரம்பிச்சு, நாலு வருசம் தண்டம், ரெண்டே வருசத்துல கத்துக் குடுத்தரலாம்னு சர்க்காரோட மல்லுக்கட்டினாரு. பீளமேட்டுல பிஎஸ்ஜி டெக்ல சாண்ட்விச் படிப்புன்னு அஞ்சு வருசம், பாடமும் பட்டறையுமா மாத்தி மாத்திப் படிச்சாங்க. அப்புடிப் படிச்சு வந்தவங்க வெச்ச கம்பெனிக்குத்தான் நீங்க ஜாப் ஒர்க் பண்ணிக் குடுத்திட்டிருக்கறீங்க.

சரி, வந்த விசயத்தைச் சொல்லிப்போடறன். என்ற பேத்தி இந்த மாதிரிப் படிப்புலதான் ரெண்டாம் வருசம் படிக்கறா. காலேஜுல பட்டறை தேடிட்டிருக்கறாங்களாமா. அதுக்கோசரந்தான் இத்தனையும் சொன்னேன்னு நெனைச்சுப்போடாதீங்க. வெசாளக்கெழமை கூட்டிட்டு வாறனுங். அதுக்குள்ள பொம்பளைப் புள்ளைக்குன்னு தனியா ஒரு கக்கூஸ் கட்ட முடியாட்டியும், இருக்கறதுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளாச்சும் போட்டு வெய்யுங்க மாப்ளே.