கல்லாவில் பைத்தான், அடுப்படியில் ஃபோர்ட்ரான்

கேள்வி: எல்லா வேலைக்கும் உதவும் பைத்தான் மொழி, பெரிய அறிவியல் கணக்குகளைத் தாங்குமா?
– கல்லூரி மாணவர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: உங்கள் ஊர் நாசி கண்டார் கடையைப் பாருங்கள். முன்னால் கல்லாவில் நின்று குழம்பும் ஊற்றுபவர் ஒருவர். உள்ளே அடுப்பில் வேகிறவர் வேறொருவர். 1991-இல் வந்த பைத்தான் முன்னால் நிற்பவர். சுமை தூக்குவது பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பைக்குள் (NumPy) இருக்கும் சி மொழி. அணிக் கணக்கென்றால் 1957-இல் பிறந்த ஃபோர்ட்ரான் தாத்தாவும் கைகொடுப்பார். 2019-இல் வெளியான கருந்துளைப் படத்திலும் இந்தக் கூட்டணிக்குப் பங்குண்டு.

கோடி எண்களைப் பைத்தான் லூப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டினால், கல்லாக்காரரைக் கறி வெட்டச் சொன்ன கதைதான். மொத்தமாக நம்பையிடம் கொடுங்கள். சமையல், பரிமாறல் இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டுமா? 2012-இல் அறிமுகமான ஜூலியா மொழி இருக்கிறது. அதை உருவாக்கிய நால்வரில் ஒருவர் இந்தியரான விரல் ஷா.

எதற்கும் முதலில் நேரத்தை அளந்து பாருங்கள். மொழியைப் பிறகு திட்டலாம்!