ஒரு பகலில் ஊர் பார்த்தலும் பெயர்ப்பொருள் மயக்கமும்: இன்ஸ்புரூக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊர் பார்த்தலாவது கால்வலியையும் புகைப்படத்தையும் விளைபொருளாகக் கொண்ட தொழில். (வரையறை கட்டுரையாளருடையது. எடுத்தாள்வோர் பெயர் சுட்டுக.) ஆய்வுக்களம், ஆஸ்திரியாவின் தைரோல் மாநிலத் தலைநகர். ஆய்வு எல்லை, காலைச் சிற்றுண்டி முடிந்தது முதல் என் மனைவியின் பொறுமை முடிந்தது வரை. கண்ணால் கண்டது முதன்மைத் தரவு. மனைவி சொன்னது துணைமைத் தரவு. கருதுகோள்: இவ்வூரில் எதன் பெயரும் அதற்குப் பொருந்தாது.

முதலில் ஊர்ப்பெயர். ‘இன்’ என்பது ஆறு, ‘புரூக்’ என்பது பாலம் என்கிறார்கள் அவ்வூரார். பாவம். ‘இன்புறுக’ என்னும் தூய தமிழ் வியங்கோள்தான் இப்படித் திரிந்தது என்று நிறுவ எனக்கு முக்கால் பக்கம் போதும். மறுப்பவர் தமிழ்ப் பகைவர் என்று எழுத மீதிக் கால் பக்கம். இதற்கென்றே நம்மிடம் ஆட்கள் இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

தங்கக் கூரை. பேரரசர் மாக்சிமிலியன் சதுக்கத்தைப் பார்க்க எழுப்பிய மாடத்தின் மேல், 1500இல் வேய்ந்து முடித்தது, 2,657 ஓடுகள். நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே “முலாம்தானே?” என்றாள் மனைவி. செம்பின் மேல் தீமுலாம் என்பதைக் கையேடும் பின்னர் வழிமொழிந்தது (மனைவி, நேர்ப்பேச்சு, காலை 10.05, கையேடு, காலை 10.20). இதைக் கட்டியவன் ‘காலிப்பை’ பிரெடெரிக் என்னும் கோமகன் என்று ஊரில் ஒரு பழங்கதை உண்டு. அவன் கட்டவில்லை; அவன் பையும் காலியாக இல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அன்னா தூண், 1706. உச்சியில் நிற்பவர் மரியாள். அன்னா கீழே.

வெற்றி வளைவு, 1765. போரில் யாரும் வெல்லவில்லை. ஒரு பக்கம் இளவரசன் லியோபோல்டின் கல்யாணம். மறுபக்கம், அந்தக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் செத்துப்போன அப்பா.

பெர்கிசெல் பனிச்சறுக்குத் தாவுமேடை. அங்கிருந்து பார்த்தால் நேரெதிரே கல்லறைத் தோட்டம் தெரியும் என்றேன். போகவில்லை.

இனி ஆய்வின் கருவறை: ஹோஃப்கிர்ச்சே என்னும் அரசவைத் தேவாலயம். நடுவே மாக்சிமிலியனின் மாபெரும் கல்லறை. உள்ளே ஆள் இல்லை. 1519இல் இறந்தவரை வீனர் நொய்ஸ்டாட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள். 1809இல் நெப்போலியன் பக்கத்துப் படைகளை எதிர்த்த ஆந்திரேயாஸ் ஹோஃபரின் எலும்புகள் மட்டும் அதே ஆலயத்தில் பத்திரமாக இருக்கின்றன. சுற்றிலும் 28 வெண்கலச் சிலைகள். ஊரார் இட்ட பெயர் ‘கறுப்பு ஆண்கள்’. அவற்றுள் 8 பெண்கள். பேரரசரின் முன்னோர் வரிசையில் ஆர்தர் மன்னரும் நிற்கிறார். எப்படி என்று கேட்கக் கூடாது. வம்சாவளியை டிராய் நகரம் வரை நீட்டிக் கொடுக்கச் சம்பளத்துக்கு அறிஞர்கள் இருந்த காலம் அது. இப்போதெல்லாம் பொன்னாடையே போதுமானதாக இருக்கிறது.

சிலைகளுள் ஹாப்ஸ்பர்க் முதலாம் ருடால்ஃப் தனி ஆய்வுக்குரியவர். உடல் முழுதும் கறுத்திருக்க, ஓரிடம் மட்டும் பளபளவென்று மின்னுகிறது. எவ்விடம் எனின், இடக்கரடக்கல் பற்றி ‘கவசத்தின் நடுப்பகுதி’ என்று கூறி அமைக. தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர் கை பட்டு மெருகேறியது அது. இங்கே மூன்று வினாக்கள் எழுகின்றன. தொடுவோர் யார்? முன்னால் போனவர் தொட்டதைப் பார்த்தவர். அவர் ஏன் தொட்டார்? மின்னியதால். மின்னாதபோது முதன்முதலில் தொட்டவர் யார்? இவ்விடத்தில் உரையாசிரியர் அனைவரும் மௌனம் (கட்டுரையாளரின் குறிப்பேடு, கோடு போட்டது, பக்கம் 4, காப்பிக் கறைக்கு வலப்புறம்). தொடுவோர் மூவகையர்: சிரித்துக்கொண்டே தொடுவோர், யாரும் பார்க்காதபோது தொடுவோர், ஆய்வின் பொருட்டுத் தொட முனைவோர். மூன்றாம் வகைக்குக் கிடைத்த எடுத்துக்காட்டு ஒன்றே. அதுவும் பாதி வழியில் தடுக்கப்பட்டது (மனைவி, முறைப்பு, பக்க எண் இல்லை, ஒப்புநோக்குக: அதே நூல், திருத்திய பதிப்பு, வாசலுக்கு வெளியே, குரல் உயர்த்தி, மேற்படி நூலின் மலிவுப் பதிப்பு, ரயிலில், அடுத்த இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவில்).

ரயில் என்றது, ஹங்கர்பூர்க் என்னும் மலைப்பகுதிக்கு ஏறும் கம்பிவட ரயில். 2007இல் திறந்தது. நிலையங்கள் ஸஹா ஹதீத் கைவண்ணம். உருகிய பனிக்கட்டி போன்ற கூரைகள். ஹங்கர்பூர்க் என்றால் பசிக்கோட்டை. கோட்டை இல்லை. கட்டிய புளியோதரையை அறையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதால் பெயரின் முற்பாதி மட்டும் எங்கள் அளவில் பொருந்திற்று. அங்கிருந்து தொங்கூர்தியில் ஹாஃபெலேகர், 2,200 மீட்டருக்கும் மேல். தெற்கிலிருந்து மலை தாண்டி இறங்கும் வெப்பக் காற்றுக்கு அங்கே ஃபோன் என்று பெயர்; தலைவலிக்கெல்லாம் அதுதான் காரணம் என்பது ஊரார் கொள்கை. போனால்தான் தலைவலி என்று என் மனைவி பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறாள். அவள் சொல்வது வேறு பொருளில்.

புறனடை: ஆற்றின் மேல் பாலம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு அதன் கைப்பிடிச் சுவரோரம் நின்று புளியோதரையைச் சாப்பிட்டோம். கெட்டுப்போகவில்லை.