ஒரு நல்ல நிரலாளரைக் காணவில்லை

பெறுநர்:
பதவி உயர்வுக் குழுவினர் மற்றும் மனிதவளத் துறையினர்,
தரமணி முதல் சிறுசேரி வரை உள்ள அனைத்து மென்பொருள் நிறுவனங்கள்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பொருள்: சிறந்த நிரலாளர்களைத் திட்ட மேலாளர்களாக்கும் தங்கள் திருப்பணி – பாராட்டும் சில சந்தேகங்களும்.

பார்வை: அப்ரைசல் முடிந்ததும் எல்லோருக்கும் தாங்கள் அனுப்பும் வாழ்த்து மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆண்டுதோறும் அப்ரைசல் முடிந்த கையோடு தாங்கள் நடத்திவரும் அரும்பணியை நாடு இன்னும் சரியாகப் பாராட்டவில்லை. எந்த நாற்காலியில் இருப்பவர் எழுதும் நிரலில் பிழை குறைவு, யாரைக் கேட்டால் நள்ளிரவில் நின்றுபோன சர்வர் மறுபடி ஓடும், யார் விடுப்பில் போனால் குழுவே திணறும் என்று நுணுகி ஆராய்கிறீர்கள். ஆளைக் கண்டுபிடித்ததும், அந்த நாற்காலியிலிருந்து அவரைக் கிளப்பிவிடுகிறீர்கள். மறுநாள் முதல் அவர் 'புராஜெக்ட் மேனேஜர்'. இந்த நல்ல முறை மென்பொருளோடு நின்றுவிடுவது நியாயமில்லை. கல்யாண வீட்டில் கூட்டத்தையே கட்டிப்போடும்படி வாசித்த நாகஸ்வர வித்வானை அழைத்து, "பிரமாதம்! அடுத்த முகூர்த்தத்திலிருந்து வாத்தியத்தை உறையில் போட்டுவிடுங்கள். பந்தல்காரர், சமையல்காரர், வேன் டிரைவர் மூவரையும் நீங்கள்தான் மேய்க்க வேண்டும்" என்று சொல்லிப் பார்க்கலாம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அன்றுதான் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வருவார்கள். தங்கள் மண்டபத்திலோ இதற்குப் பெயர் 'வளர்ச்சிப் பாதை'.

என் சந்தேகம் எளிமையானது. திட்ட மேலாண்மை என்பது நிரல் எழுதுவதன் அடுத்த படியா, வேறொரு தொழிலா? அடுத்த படி என்றே தாங்கள் நம்புகிறீர்கள். சாட்சியங்கள் எதிர்ப்பக்கம் நிற்கின்றன. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற மாபெரும் மென்பொருள் திட்டத்தை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ். அந்த அனுபவத்தில் பட்ட அடிகளை அவர் 1975இல் நூலாக எழுதினார். அதில் கால அட்டவணைக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: திட்டமிடுவதற்கு மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுத ஆறில் ஒரு பங்கு, மீதிப் பாதி முழுவதும் சோதனைக்கு. இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால், தாங்கள் தேர்ந்தெடுப்பவர் ஒரு திட்டத்தின் ஆறில் ஒரு பங்கில் மட்டுமே தன்னை நிரூபித்தவர். மற்ற ஐந்து பங்குகளில் அவர் எப்படி என்று தங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வாடிக்கையாளருக்குத்தான் முதலில் தெரியவரும்.

லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் எழுதிய 'பீட்டர் தத்துவம்' என்ற நூல் 1969இல் வெளிவந்தது. ஒருவர் செய்துகொண்டிருக்கும் வேலையில் சிறந்து விளங்கினால் மேலே அனுப்பப்படுவார், அங்கும் சிறந்தால் இன்னும் மேலே போவார், சிறக்க முடியாத இடம் வந்ததும் அங்கேயே தங்கிவிடுவார் என்பது அதன் சாரம். அது நகைச்சுவை நூல், ஆதாரமாகக் கொள்ளலாமா என்று தாங்கள் கேட்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து, 2019இல், ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றிய தரவுகளைக் கொண்டு அந்த நகைச்சுவையைச் சோதித்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அப்படி உயர்ந்தவர்களின் கீழ் வேலை பார்த்தவர்களின் விற்பனையோ, மற்ற மேலாளர்களின் கீழ் இருந்தவர்களோடு ஒப்பிடும்போது மோசமாக இருந்தது. பிறரோடு சேர்ந்து வேலை பார்த்த அனுபவம்தான் நல்ல மேலாளரை முன்கூட்டிக் காட்டியது. விற்பனையாளர் வேறு, நிரலாளர் வேறு என்பது உண்மையே. ஆனால் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுதான்: தனியாக நன்றாக ஓடியவரைப் பிடித்துப் பிறரை ஓட்டச் சொல்வது.

தேர்வு தவறியது பாதிக் கதை. தேர்ந்தெடுத்தவரிடம் தாங்கள் எதை ஒப்படைக்கிறீர்கள் என்பது மறுபாதி. அவர் பொறுப்பேற்கும் முன்பே விற்பனைக் குழுவினர் கிளையன்ட்டிடம் டெலிவரித் தேதியைச் சொல்லி, கைகுலுக்கி, காபியும் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். பட்ஜெட் முடிவாகியிருக்கும். ஆட்கள் யார் என்பதைப் பென்ச்சில் யார் சும்மா இருக்கிறார்கள் என்பது தீர்மானித்திருக்கும். நடுவில் ஒரு நல்ல கை வந்து சேர்ந்தால், அவரை இன்னொரு 'அவசர' புராஜெக்ட் கேட்டு வாங்கிக்கொள்ளும். தேதி அந்தப் புது மேலாளருடையதல்ல, பணம் அவருடையதல்ல, ஆட்களும் அவர் கேட்டவர்கள் அல்லர். தாமதம் மட்டும் முழுக்க முழுக்க அவருடையது. தேதியை மேலிடம் முதலில் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிட்னி ஓபரா மாளிகையைப் பார்க்கலாம். கூரையின் வடிவமைப்பே தீராத நிலையில், அரசின் அவசரத்தால் 1959இல் கட்டுமானம் தொடங்கியது. 1963இல் முடியவேண்டியது 1973இல் முடிந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு 10.2 கோடி டாலராக வளர்ந்தது. கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1966லேயே விலகிவிட்டார். முடிந்த மாளிகை உலக அழகாக நிற்கிறது. தங்கள் மென்பொருளுக்கு அந்த ஆறுதலும் கிடைப்பது சந்தேகம்.

தாமதம் தெரியவந்ததும் தாங்கள் சும்மா இருப்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். "இன்னும் நாலு ரிசோர்ஸ் போடுகிறோம்" என்று ஓடிவருகிறீர்கள். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று அதே புரூக்ஸ் எச்சரித்திருக்கிறார். காரணம் மர்மமானதல்ல. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்கள் வேலையை நிறுத்த வேண்டும். அதோடு, ஆறு பேர் இருக்கும் குழுவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வழிகள் 15. பத்துப் பேர் ஆனால் 45. நாலு பேரைச் சேர்த்ததில் வேலை செய்யும் கைகள் இரட்டிப்பாகவில்லை, பேச்சுவார்த்தை மூன்று மடங்காகிவிட்டது. நேற்றுவரை கணினியோடு மட்டும் பேசிய மனிதர் இந்த 45 வழிகளுக்கும் நடுவில் நிற்கிறார். எத்தனை நாளாகும் என்ற மதிப்பீட்டிலும் இதே கதைதான். ஆய்வுக்கட்டுரையை எப்போது முடிப்பீர்கள் என்று 1994இல் உளவியலாளர்கள் மாணவர்களைக் கேட்டபோது, சராசரியாக 33.9 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55.5 நாள். தன் வேலையைப் பற்றியே மனிதனின் கணக்கு இவ்வளவு தப்புமானால், பத்துப் பேரின் நம்பிக்கைகளைக் கூட்டி எக்செல்லில் போட்டு வரும் தேதியின் கதி என்ன? அனுபவமுள்ள மேலாளர் இதை அறிந்து, கேட்டதில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். புதியவரோ தானே எழுதினால் எத்தனை நாளாகும் என்று கணக்குப் போடுகிறார். எழுதப்போவது அவரல்ல என்பது பிறகுதான் உறைக்கிறது. பிறகு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் தர்பூசணி ஆகிவிடும்: வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. பச்சை காட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை, சிவப்பு காட்டினால் தினம் மூன்று ஃபோன் கால் என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்தது தாங்கள்தான் என்பதால், பழத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

தங்கள் தரப்பு வாதங்களையும் அறிவேன். முதல் வாதம்: "யாரும் கற்றுக்கொண்டு வருவதில்லை. தண்ணீரில் தள்ளினால்தான் நீச்சல் வரும்." கிணற்றில் நீச்சல் பழக்கியவர்கள் தள்ளியது உண்மைதான். ஆனால் முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிவிட்டுத் தள்ளினார்கள், தள்ளியவர் படியில் நின்றார். தாங்கள் தள்ளிவிட்டு வாழ்த்து மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். அந்தப் பீட்டர் நூல் வந்த அதே 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட திட்ட மேலாண்மை நிறுவனமான பிஎம்ஐ, தன் பிஎம்பி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே, நான்காண்டுப் பட்டம் பெற்றவரானாலும் திட்டங்களை நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணிநேரப் பயிற்சியும் கேட்கிறது. ஒரு காகிதத்துக்கு இவ்வளவு. வாடிக்கையாளரின் கோடிகளுக்கு ஒரு மின்னஞ்சல். மேலும், இந்தக் கிணற்றில் அவர் தனியாக விழுவதில்லை. பத்துப் பேரையும் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் விழுகிறார். நீச்சல் வருவதற்குள் இரண்டு பேராவது நோட்டீஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வாதம் வலுவானது: "சிறந்தவருக்குப் பதவி உயர்வு தராவிட்டால் அவர் எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடுவார், மற்றவர்களுக்கும் உழைக்கும் ஆசை போய்விடும்." அந்த 2019ஆம் ஆண்டு ஆய்வாளர்களும், தெரிந்தே இந்த விலையை நிறுவனங்கள் கொடுக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பரிசு வேறு, பணி வேறு. நன்றாக உழைத்தவருக்குச் சம்பளம், மரியாதை, முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலி எல்லாம் தரலாம். அவற்றைப் பெற அவர் தன் தொழிலைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குத்தான் காரணம் தெரியவில்லை. ஐபிஎம் 1962லேயே 'ஃபெல்லோ' என்ற நிலையை உருவாக்கி, தொழில்நுட்பத்திலேயே இருந்து உச்சிக்குப் போக வழி செய்தது. தங்களில் சிலரும் 'ஆர்க்கிடெக்ட்' என்றொரு ஏணி வைத்திருக்கிறீர்கள். அதன் படிகள் எண்ணிக்கையில் குறைவு, சம்பளத்தில் மெலிவு. ஒரே ஏணியை நன்றாகக் கட்டிவிட்டு, எல்லோரும் அதில்தான் ஏற ஆசைப்படுகிறார்கள் என்று சொல்வது ஆசையைப் பற்றிய செய்தியாகாது.

மூன்றாவது வாதம்: "தொழில்நுட்பம் தெரியாத மேலாளரைக் குழுவே ஏமாற்றிவிடும்." முழுக்க ஏற்கிறேன். புரூக்ஸே கணினியை வடிவமைத்தவர்தான். தொழில்நுட்ப அறிவு வேண்டும், அது மட்டும் போதாது என்பதுதான் அவருடைய நூல் முழுக்கச் சொல்லும் பாடம். உப்பு இல்லாமல் சாம்பார் இல்லை என்பதற்காக உப்பை மட்டும் கரைத்து ஊற்ற முடியாது. நான்காவதாக, "நாங்கள் இப்போது அஜைல், எங்களிடம் மேனேஜர் என்பவரே இல்லை" என்பீர்கள். அஜைல் வகையைச் சேர்ந்த ஸ்க்ரம் முறையின் கையேட்டில் திட்ட மேலாளர் என்ற பொறுப்பு இல்லைதான். தங்களிடம் மாறியது கழுத்தில் தொங்கும் அட்டையில் உள்ள பெயர். எக்செல் அங்கேயே இருக்கிறது, தேதியும் அங்கேயே இருக்கிறது.

இவ்வளவுக்கும் அமெரிக்க நூல்களைத் தேடியிருக்க வேண்டியதில்லை. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. ஆள், தேதி, களம் மூன்றையும் தொடங்குமுன் எடைபோடச் சொல்பவை. 52ஆம் அதிகாரமான தெரிந்து வினையாடலில் 517ஆவது குறள், எந்த வேலை, எந்த வழியில், யாரால் முடியும் என்று ஆராயச் சொல்கிறது. ஆராய்ந்த பின் வேலையை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறது. தங்கள் முறையில் முதல் பாதி அரைகுறை, இரண்டாம் பாதி அறவே இல்லை. ஆகவே மூன்று விண்ணப்பங்கள். பொறுப்பேற்கும் முன் சில மாதங்கள் அனுபவமுள்ள ஒரு மேலாளருடன் நிழலாக நடக்கவிடுங்கள். பிடிக்காவிட்டால் பழைய நாற்காலிக்குத் தலைகுனியாமல் திரும்ப ஒரு வழி வையுங்கள். அடுத்த வாழ்த்து மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி சேருங்கள்: யாரையும் கேட்காமல் இவர் எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்பது. தேதியை மறுக்கலாமா? ஆளைத் தேர்ந்தெடுக்கலாமா? சிவப்பைச் சிவப்பென்று காட்டலாமா? அந்த வரியில் எழுதத் தங்களிடம் ஏதாவது இருந்தால், வேலையை அவரிடம் விடுங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால், தயவுசெய்து அவரை அவருடைய வேலையிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்
ஒரு பொதுஜனம்