திருத்தணிக் குறையியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

திருத்தணியைப் பாடாதவர் குறைவு. அருணகிரிநாதர் திருப்புகழில் திரும்பத் திரும்பப் பாடினார். முத்துசுவாமி தீட்சிதரின் வாயில் முருகன் கற்கண்டு இட்டதும், அவர் மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி’ என்று தம் முதல் கீர்த்தனையைத் தொடங்கியதும் இந்த மலையில்தான் என்பது இசையுலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தல புராணம் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, அறுபடை வீடு பற்றிய புத்தகங்களுக்கோ கணக்கே கிடையாது. இத்தனை இருந்தும், மலைக்குக் கீழே பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே குடியிருக்கும் மனிதர் காலை முதல் இரவு வரை எதைப் பேசுகிறாரோ, அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. அவர் பேசுவது தம் ஊரின் குறைகளை. மலையேறி வருகிறவர் தம் குறையை முருகனிடம் சொல்கிறார். மலையடியில் இருப்பவரோ அப்படி ஏறி வருகிறவர்களையே ஒரு குறையாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார். முதல் வகைக்குப் பக்தி இலக்கியம் என்று பெயர் கொடுத்துப் பல்கலைக்கழகங்களில் இருக்கை அமைத்துவிட்டோம். இரண்டாம் வகை அநாதையாகக் கிடக்கிறது. அதை எடுத்து வளர்க்கும் முதல் முயற்சி இது. இதன் கருதுகோள் ஒன்றே ஒன்று: திருத்தணிக்காரர் ஊரைக் குறை சொல்வது வருத்தத்தின் வெளிப்பாடு அன்று, அது ஊர்மேல் அவருக்குள்ள பட்டா. கிராம நிர்வாக அலுவலரிடம் போகாமல் வாய்மொழியாகவே நாள்தோறும் புதுப்பிக்கப்படும் பட்டா.

இந்தக் கருதுகோளுக்கு முன்பே இரண்டு கொள்கைகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஒன்று புராணக் கொள்கை. சூரனோடு போரிட்ட முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் திருத்தணி. அதனால்தான் மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே அது கிடையாது, புஷ்பாஞ்சலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சரி, சாமி இறக்கி வைத்த அந்தக் கோபம் எங்கே போயிற்று? பொருள் அழியாது என்று விஞ்ஞானம் சொல்கிறதே, கோபம் மட்டும் அழியுமா? அது மலையடிவாரத்தில் தங்கி, சில்லறையாக மாற்றப்பட்டு, வீட்டுக்கு வீடு விநியோகமாகியிருக்கிறது என்பது இக்கொள்கையினர் வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரக்கோணத்தில் எந்தச் சாமியும் எந்தக் கோபத்தையும் இறக்கி வைத்ததாகப் புராணம் இல்லை. அங்கேயும் புலம்பலுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது தட்பவெப்பக் கொள்கை: எல்லாம் வெயில் படுத்தும் பாடு. மார்கழி மாதத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றாலே இது அடிபட்டுப் போகும். அப்போதும் குறைகள் குறைவதில்லை. தலைப்பு மட்டும்தான் மாறுகிறது.

வெயிலையே முதல் தரவாக எடுத்துக்கொள்வோம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிரணியின் பலமான சாட்சியே நம் பக்கம் பேசப்போகிறது. திருத்தணியில் வானிலை ஆய்வு மையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. ஆகவே கோடைதோறும் மாலைச் செய்தியில் சதமடித்த ஊர்களின் பட்டியல் வாசிக்கப்படும்போது வேலூர், கரூர் பரமத்தி, ஈரோடு, மதுரை விமான நிலையம் இவற்றோடு திருத்தணியின் பெயரும் வரும். கத்திரி தொடங்கிய பிறகு அந்தப் பட்டியல் வாசிக்கப்படும் நேரத்தில் கடைத்தெருவைக் கவனிக்க வேண்டும். “இன்னா வெயிலுபா, மனுஷன் இருப்பானா இந்த ஊர்ல” என்று பகல் முழுக்கத் துண்டால் விசிறிக்கொண்டவர், தொலைக்காட்சிப் பக்கம் காதைத் திருப்புகிறார். திருத்தணி முதலிடம் என்றால் முகத்தில் ஒரு நிறைவு. பக்கத்தில் இருப்பவரை ஒரு பார்வை பார்க்கிறார், நான் சொல்லல? என்பது போல. வேலூர் அரை டிகிரியில் முந்திவிட்டது என்றாலோ நிலைமை வேறு. “எங்க வெச்சு அளக்கறானுங்களோ, மரத்தடியில வெச்சிருப்பான்” என்று வருகிறதே ஒரு குறை, அதுதான் அன்றைய நாளின் மிக உண்மையான குறை. வெயில் அதிகம் என்பது அல்ல அவருடைய வழக்கு. தம் வெயிலைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள் என்பதே. வேண்டாத பொருளுக்கு யாரும் இப்படி அளவைத் தகராறு செய்வதில்லை. வேலிக்கல்லை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டதாக நில அளவையரிடம் மல்லுக்கு நிற்பவரின் குரல் இது.

அடுத்த தரவு கூட்டம். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் ஊரை நிறைக்கும். சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். டிசம்பர் 31 அன்று படித்திருவிழா. வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுக்கு எலுமிச்சம்பழத்தோடு புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போய்க்கொண்டிருந்தவர்களைப் பெரிய துரையான முருகனிடம் திருப்பிவிட வேண்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் தொடங்கியது அது. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள். ஒவ்வொரு படிக்கும் பூசை, ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ். ஊர்க்காரரின் விழாக்காலக் குறைகள் கேட்டால் ஒரு நூலுக்கு ஆகும்: வீட்டு வாசலில் வெளியூர் வேன் நிற்கிறது, தெருவைத் தடுப்பு வைத்து அடைத்துவிட்டார்கள், இளநீர் விலை ஏறிவிட்டது, ஒரு ஆட்டோ கிடைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக ‘அப்படியே சாமி பார்த்துட்டுப் போலாம்னு’ என்று வாசலில் வந்து நிற்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம். இவற்றையெல்லாம் சொல்லி முடித்த அதே வாய், அடுத்த மூச்சில், “இந்த வருஷம் கூட்டம் கம்மி, போன வருஷம் மாதிரி இல்ல” என்று சொல்லும். கூட்டம் வந்தாலும் குறை, வராவிட்டால் அதைவிடப் பெரிய குறை. இது முரண் என்று தோன்றுவது தர்க்கவாதிகளுக்கு. கல்யாண வீட்டுக்காரர் யாரையாவது கேட்டால் விளங்கும். ஒன்றை மட்டும் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29-க்குப் படி இல்லை. கண்ணெதிரே இருக்கும் இந்தப் பற்றாக்குறையை ஊரில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. காரணம் விளங்கவில்லை; பின்வரும் ஆய்வாளர்களுக்கு விட்டுவைக்கிறோம்.

மூன்றாவது, எல்லை. சில கிலோமீட்டர் வடக்கே போனால் ஆந்திரம்; கடைப்பலகைகள் எழுத்து மாறும், நகரி வரும், புத்தூர் வரும், அப்புறம் திருப்பதி. எல்லையூருக்கு ஒரு வசதி உண்டு: குறைக்கு இரண்டு பக்கமும் விலை தெரியும். நியாயவிலைக் கடை அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு அது தமிழ்நாட்டில் இலவசம். இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிச் சொல்லப்படாத குறை இல்லை: நாற்றம், கல், நிறம், வேகவே வேகாது. ஆனால் வேகாத இந்த அரிசியைத்தான் மூட்டை மூட்டையாக ரயிலில் ஆந்திரப் பக்கம் கடத்துகிறார்கள். குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவு அதைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போகிறது. பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டே ஒருவர் வண்டிக்கு நூறு ரூபாய்க்குப் போடும் பங்கில், ஆந்திரப் பதிவெண் கார் ஒன்று இங்கே மலிவு என்று வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகும். அதைக் கண்ட பிறகும் திட்டு நிற்பதில்லை. ஆனால் தொனி மாறிவிடும். “பார்த்தியா, நம்ம பெட்ரோலை அடிச்சினு போறான்.” ஒரு நிமிடத்துக்கு முன் அரசாங்கத்தின் கொள்ளையாக இருந்த பெட்ரோல் இப்போது நம்ம பெட்ரோல். பட்டா புதுப்பிக்கப்படும் கணம் இதுதான்.

பெருமைகளிலும் இதே இலக்கணம் செல்லும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தது திருத்தணியில். 1962 முதல் நாடு முழுவதும் அந்த நாள் ஆசிரியர் தினம். ஆனால் பெயருக்கு முன்னால் நிற்பது நெல்லூர்ப் பக்கத்துச் சர்வபள்ளி. பெற்றது இந்த ஊர், தலையெழுத்தில் வேற்றூர் என்பது பள்ளிக்கூட வாசல்களில் நிரந்தரமாக உலவும் குறை. ரயில் பற்றியும் அப்படியே: சென்னையிலிருந்து மும்பை போகும் பெருந்தடம் ஊர் வழியாகத்தான் போகிறது, விரைவு ரயில்கள் பலவும் நிற்காமல் புழுதி கிளப்பிவிட்டுப் போகின்றன. நின்று போகிற வண்டிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சோதனைச்சாலையில் செய்வதுபோல் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்த்தால் கருதுகோள் உறுதிப்படும். குறை அதே குறை, சொற்கள் அதே சொற்கள். சொல்பவர் மட்டும் வெளியூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வந்தவர், “என்னங்க உங்க ஊர்ல இப்படி வெயில்” என்கிறார். பதில் என்ன வருகிறது? “மெட்ராஸ் மாதிரி வேர்க்காதுங்க, இது காய்ஞ்ச வெயில்.” ஊர் குப்பையாக இருக்கிறது என்றால், “எல்லாம் வர்ற ஜனங்க போட்டதுங்க” என்று வரும். நந்தியாற்றில் தண்ணீரே இல்லையே என்றால், போன மழைக்கு அது எப்படி ஓடியது தெரியுமா என்று ஆரம்பித்து அரைமணி நேரம் விடமாட்டார். பத்து நிமிடத்துக்கு முன் இதே குறைகளைத் தாமே அடுக்கிய மனிதர், இப்போது ஊரின் வக்கீலாக எழுந்து நிற்கிறார். குறை பொய்யாகிவிடவில்லை, சொல்ல உரிமையில்லாதவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானதே: ஊரைத் திட்டாத ஊர்க்காரர் எங்கே இருக்கிறார்? கும்பகோணத்துக்காரர் கொசுவைத் திட்டவில்லையா, லண்டன்காரர் மழையைத் திட்டவில்லையா? திட்டுகிறார்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் தம் ஊர் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டிய நிலையில் இருந்ததில்லை. திருத்தணியின் முகவரி வரலாறு வேறு. வட ஆற்காட்டில் கிடந்த ஊர் 1911 ஏப்ரல் 1 அன்று புதிதாக உருவான சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காக மறியல், சிறை என்று அலைந்தார்கள். எல்லைத் தகராறுக்கு நடுவராகப் பட்டாஸ்கர் வந்து இரு தரப்பையும் கேட்டார். 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் அங்கே போயின. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம். திண்ணையை விட்டு இறங்காமலே ஒருவர் தம் ஆயுளில் இரண்டு மாநிலத்தையும் மூன்று மாவட்டத்தையும் பார்த்திருக்க முடியும். (இரண்டு முறை முட்டாள்கள் தினத்தன்று மாற்றியது பற்றி ஊரில் தனிக் குறை எதுவும் பதிவாகவில்லை.) இப்படிப்பட்ட ஊரில் குடியிருப்புக்கு ஆவணம் வேண்டும், காகித ஆவணம் மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் கைவசம் இருந்தது குறை சொல்லும் பழக்கம் ஒன்றுதான். இது கும்பகோணத்துக்குத் தேவைப்படவில்லை.

அவ்வளவு பற்று இருந்தால் விடிவதற்கு முன்பே ஏன் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. ஏறுகிறவர் ராத்திரி அதே ரயிலில் திரும்பி வந்து, அது தாமதமானதைச் சொல்லித்தான் சாப்பிட உட்காருகிறார். இந்த மறுப்புக்கு இதற்கு மேல் மதிப்பில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. சாக்கடை உண்மை, குடிநீர் உண்மை, விழா நாளில் ஆம்புலன்ஸ் போக வழியில்லாத தெரு உண்மை. இவற்றை உரிமைப் பத்திரம் என்று பெயரிட்டுச் சிரிப்பது யாருக்கு லாபம்? அலுவலகங்களுக்குத்தான் லாபம். இதை மறுக்க இடமில்லை. நம் கருதுகோளே அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. சொன்ன மாத்திரத்தில் பட்டா புதுப்பிக்கப்பட்டுவிடுவதால், குறை தீர வேண்டிய அவசியம் சொன்னவருக்கே போய்விடுகிறது. டீ முடிந்ததும் மனசு ஆறிவிடுகிறது. 1950-களில் இதே ஊர் தன் குறையைத் திண்ணையில் வைத்துக்கொண்டு ஆறிப்போகவில்லை. தெருவுக்கும் சிறைக்கும் தில்லிக்கும் கொண்டுபோனது, மாநில எல்லையே நகர்ந்தது. மாநில எல்லையை நகர்த்திய ஊருக்கு ஒரு சாக்கடை மூடியை நகர்த்துவது பெரிய காரியமாக இருக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் நகரும் என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுக்காதது நகராது என்பது மட்டும் உறுதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் திங்கட்கிழமைதோறும் நடக்கிறது. திருத்தணியிலிருந்து திருவள்ளூருக்கு மின்சார ரயில் இருக்கிறது, அது நிற்கவும் செய்கிறது.